சகீனா சிஸ்டரும் கொதிக்காத தண்ணீரும்

செய்தி வந்தபோது காலை பதினொரு மணி இருக்கும். இந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; அரியூர் நாட்டில் எங்கள் கிளினிக் இருக்கும் சரிவில் மூடுபனி இன்னும் விலகவில்லை. போனில் பேசியவர் சகீனா சிஸ்டரின் தம்பி. அடிவாரத்து ஊரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். "டாக்டருங்களா? அக்கா மௌத்தாயிட்டாங்க. நேத்து மத்தியானத் தொழுகைக்கு அப்புறம் அடக்கம் பண்ணிட்டோமுங்க" என்றார். சிறுநீரகம் கெட்டு இரண்டு வருடமாகப் படுக்கையில் இருந்தவர்தான். ஆனாலும் போனை வைத்த பிறகு வெகுநேரம் அதன் மேலேயே என் கை கிடந்தது. வெளியே பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பனிக்குள்ளிருந்து அவர் இறங்கி வருவார் என்று ஒரு கணம் உண்மையாகவே எதிர்பார்த்தேன். யாரோ ஒருவர் மிளகு மூட்டையோடு இறங்கினார். பஸ் போய்விட்டது.

இந்த மலையில் சிறு கிளினிக் நடத்திய உங்களில் பலருக்கும் அவரைத் தெரியும். நமக்கு மருந்தும் கருவிகளும் தந்து உதவிய அறக்கட்டளை, வருடத்துக்கு இருமுறை சோதனைக்கு அனுப்பிய ஆள் அவர். அதற்கு முன்பு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டராக இருந்தார். என்னைவிட எட்டு வயது இளையவர். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் கண்ணை மூடியபடி, மூக்கருகே அரை எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டே ஏறி வருவார். இறங்கியதும் சுவரைப் பிடித்துச் சற்று நேரம் நிற்பார். பிறகு நேராக மருந்து அலமாரி. சோதிக்க வந்தவருக்கு டீ கொடுக்கலாமா என்று முதல் தடவை நான் தயங்கியபோது, "குடுங்க டாக்டர். டீ குடிச்சா ரிப்போர்ட் மாறாதுங்க" என்றார். இரண்டு டம்ளர் குடித்தார். காலாவதியான இருமல் மருந்து நான்கு பாட்டில் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கினார்.

நான் சொல்ல வந்தது தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு மார்கழியில் நடந்தது. அந்தக் குளிர்காலத்தில் எங்களிடம் ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஏழு பேருக்குப் போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வந்தது. கீறிச் சீழை எடுத்து நானே கட்டுப் போட்டேன். காரணமும் நானே வைத்திருந்தேன். ஊசி போட்ட கையோடு குச்சிக்கிழங்குக் காட்டில் களை வெட்டப் போகிறார்கள், போட்ட இடத்தில் பச்சிலை அரைத்துப் பூசுகிறார்கள், குளிப்பதில்லை. ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லிக் கடிந்துகொண்டேன். அவர்களும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள்.

சகீனா சிஸ்டர் நோயாளிப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். இந்த ஏழு பேரும் எத்தனை மணிக்கு ஊசி போட்டுக்கொண்டார்கள் என்று கேட்டார். பதிவேட்டில் நேரம் இல்லை, வரிசை எண்தான். ஏழு பேருமே அந்தந்த நாளின் முதல் நான்கைந்து எண்களுக்குள் இருந்தார்கள். மத்தியானம் வந்த ஒருவருக்குக்கூடக் கட்டி இல்லை. அவர் பதிவேட்டை மூடி வைத்தார். அன்று ஊர் திரும்பாமல் எங்கள் நர்ஸ் மரகதத்தின் வீட்டில் தங்கிக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் மரகதம் வழக்கம்போல ஸ்டெரிலைசர் பெட்டியில் தண்ணீர் ஊற்றி, கண்ணாடிச் சிரிஞ்சுகளையும் ஊசிகளையும் போட்டு, சுவிட்சைத் தட்டினார். சகீனா சிஸ்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜன்னல் திறந்திருந்தது. பனி உள்ளே வந்து அறையில் மெல்ல மிதந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் பெட்டியிலிருந்தும் ஆவி எழுந்து அதனோடு கலந்தது. எது மலையிலிருந்து வந்தது, எது தண்ணீரிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. அந்த வெண்மைக்குள் அவருடைய சேலைத் தலைப்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. எனக்குத் தூக்கம் கலையாதது போலிருந்தது. நாங்கள் மூவரும் ஏதோ ஒரு மேகத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, யாருக்காகவோ காத்திருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

ஆவி வந்ததும் மரகதம் கடிகாரத்தைப் பார்த்தார். இருபது நிமிடம் கழித்துச் சிரிஞ்சை எடுக்க இடுக்கியை நீட்டினார். சகீனா சிஸ்டர் அவர் கையை மெதுவாகப் பிடித்து நிறுத்தி, தன் பையிலிருந்து நீண்ட வெப்பமானி ஒன்றை எடுத்துத் தண்ணீருக்குள் விட்டார். பிறகு என்னிடம் நீட்டினார். தண்ணீர் நன்றாகச் சுட்டது. ஆனால் கொதிநிலைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

எவ்வளவு எளிய விஷயம். மார்கழிக் குளிரில் வெறும் வெந்நீரே மேகம்போல ஆவி விடும். காலையில் மின்சாரமும் பலவீனமாக வரும். ஆவியைக் கண்டு கொதித்துவிட்டது என்று நாங்கள் நம்பினோம். மத்தியானத்துக்குள் தண்ணீர் உண்மையாகவே கொதித்துவிடும். அதற்கு முன் வந்தவர்கள் விடியலில் ஆலத்தூர் நாட்டிலிருந்தும் திண்ணனூர் நாட்டிலிருந்தும் ஒற்றையடிப் பாதையில் நடந்து வந்தவர்கள். முதலில் வந்தவர்களுக்குத்தான் நாங்கள் சீழைக் கொடுத்திருந்தோம். மரகதம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். அவருக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

ரிப்போர்ட்டில் இதை எழுத வேண்டாம் என்று சகீனா சிஸ்டரிடம் கேட்டேன். கேட்டேன் என்று சொல்வதும் பாதிதான். உண்மையில் கெஞ்சினேன். அறக்கட்டளை உதவியை நிறுத்திவிட்டால் இந்த நாடுகளுக்கு வேறு டாக்டர் கிடையாது, இனி நானே ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு நான் முடிக்கும் வரை கேட்டார்.

"நான் எழுதறது உங்களைப் பத்தி இல்லீங்க டாக்டர். தண்ணியைப் பத்தி" என்றார். பிறகு, "எழுதறது என் வேலை. அந்த ஏழு பேருகிட்டச் சொல்றது உங்க வேலைங்க. அவங்க இன்னமும் தங்களோட தப்புன்னுதான் நெனச்சுட்டிருக்காங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. அடுத்த நாள் காலை அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். நானும் கிளம்பினேன்.

முதலில் போனது திண்ணனூர் நாட்டில் செல்லம்மாள் வீட்டுக்கு. ஏழு பேரில் அதிகம் பட்டவர் அவர். இடுப்பில் ஆழமாகக் கீற வேண்டியிருந்தது, இரண்டு மாதம் காலைத் தாங்கித் தாங்கித்தான் நடந்தார். சாமை புடைத்துக்கொண்டிருந்தவர் எங்களைக் கண்டதும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தார். நான் நின்றபடியே சொன்னேன். ஊசியை நாங்கள் சரியாகக் கொதிக்க வைக்கவில்லை, கட்டி அதனால் வந்தது, நீங்கள் காட்டுக்குப் போனதால் இல்லை, அன்று உங்களைத் திட்டியதும் தவறு என்றேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

செல்லம்மாள் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் வீட்டுக்குள் திரும்பித் தன் கணவரைக் கூப்பிட்டார். அவர் வந்து நின்றதும் என்னைப் பார்த்து, "இன்னொருக்காச் சொல்லுங்க சாமி. இவுரு காதுல உழுகற மாதிரி சொல்லுங்க. சொன்ன பேச்சுக் கேக்காம நானே இழுத்துட்டு வந்த சீக்குன்னு ரெண்டு மாசமா இந்த வூடே என்னைப் பேசுதுங்க" என்றார்.

இன்னொரு முறை சொன்னேன். கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். செல்லம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி முறத்தின் முன் உட்கார்ந்தார். திரும்பும் வழியில் சகீனா சிஸ்டர் ஓடைக்கரையில் நின்று தண்ணீர் குடித்தார். மூன்று நாளில் ஏழு வீட்டுக்கும் போய் வந்தோம். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. அதற்கு நான் யாரையும் குறை சொல்ல முடியாது.

ரிப்போர்ட் போனது. அறக்கட்டளை ஐந்து மாதம் உதவியை நிறுத்தி வைத்தது. பழைய ஸ்டெரிலைசரை நம்பி ஊசி போட மனம் வரவில்லை, அந்த மாதங்களில் மாத்திரை மட்டும் கொடுத்தேன். ஊசி போடாத டாக்டரை டாக்டர் என்றே பலர் ஒப்புக்கொள்ளவில்லை, கூட்டம் பாதியாகக் குறைந்தது. அடுப்பில் வைக்கும் பிரஷர் ஸ்டெரிலைசர் ஒன்று வேண்டும் என்று அதே ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் எழுதியிருந்தார். அதற்காக ஐந்து மாதமும் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அது வந்த நாளில் அவரும் அதே பஸ்ஸில் வந்தார். அதற்குப் பிறகு ஒரு கட்டிகூட வரவில்லை. செல்லம்மாள் தன் இரண்டாவது பிரசவத்துக்கு எங்களிடம்தான் வந்தார். சில வருடங்களில் ஒருமுறை போட்டு எறியும் சிரிஞ்சுகள் மலைக்கும் வந்துவிட்டன.

சகீனா சிஸ்டரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது என்ன என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். ஒரு போட்டோகூடக் கிடையாது. இன்று காலை ஆலத்தூர் நாட்டிலிருந்து ஒருவர் வந்தார். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, வயிறு எரிகிறது என்றார். வெறும் வயிற்றில் போட்டீர்களா என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். கேட்கவில்லை. போன வாரம் நான் எழுதிக் கொடுத்த சீட்டை அவரிடம் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, வரிவரியாகப் பார்த்தேன். சீட்டு சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் அவரைக் கேட்டேன்.