தாளத்துக்குப் பின்னால் வரும் குரல்

ஆறு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

இன்று காலை ஜெர்சி சிட்டி ரயிலில், வாக்மேனில் எனக்குப் பிடித்த பழைய ஸ்விங் ஜாஸ் பாடகியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வாத்தியங்கள் முன்னால் ஓட, அவள் சற்றுத் தாமதமாக, அவசரமே இல்லாமல் வந்து சேருவாள். தன்னை யாரும் வேலையைவிட்டு அனுப்ப முடியாது என்பதுபோலப் பாடுவாள். அதற்காகவே கேட்கிறேன்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், என்னை கான்ட்ராக்டில் ஒரு வங்கிக்கு அனுப்பியிருக்கும் கம்பெனியின் முதலாளி. என்னைவிடப் பத்து வயது சின்னவர். கேசட் அட்டையை எடுத்துப் பார்த்தார்.

"என்ன சார், பாட்டி காலத்துப் பாட்டா? ரொம்ப ரிலாக்ஸ்டா இருக்கீங்க! பேங்க்ல லேஆஃப் பண்றாங்க, தெரியும்ல?"

"கேள்விப்பட்டேன்."

"உங்க க்ரீன் கார்டு ஃபைல் இன்னும் என் டேபிள்லதான் இருக்கு, நான்தான் கையெழுத்துப் போடணும். பாத்து நடந்துக்குங்க." சிரித்தபடி தோளைத் தட்டினார்.

என் கை தானாகப் போய்ப் பாட்டை நிறுத்தியது. அவர் நிறுத்தச் சொல்லவே இல்லை.

கான்ட்ராக்டில் வேலை செய்யும் நாம் எழுதிக்கொள்ளும் இந்த மின்னஞ்சல் குழுவில் அவரும் இருக்கிறார். ஃபைல் மிரட்டலை எல்லோரிடமும் செய்பவர்தான். பாடகியைப் பற்றிய வரிகளை நீக்கினால் எழுதியது யாரென்று அவருக்குத் தெரியாது. நீக்க மனம் வரவில்லை. என் பெயரை மட்டும் நீக்கிவிட்டேன். பதில் எழுதுபவர்களும் அப்படியே செய்யுங்கள்.