பெரியப்பா எங்கள் கூடத்தில் வைத்த புடவைக்கடை

பிரிக்காத புதுப் புடவைக்கு ஒரு வாசம் உண்டு. கஞ்சியும் சாயமும் கலந்த அந்த வாசம், எழுபதுகளில் எங்கள் தியாகராய நகர் வீட்டுக்குள் தினமும் என் பெரியப்பாவின் சட்டையோடு வந்து சேரும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பட்டணம் வந்து, சொந்தக்காரர் ஒருவரின் ஜவுளிக்கடையில் வெள்ளை விரிப்பின் மேல் சம்மணம் போட்டு, ஆயுசு முழுக்கப் புடவை பிரித்துக் காட்டியவர் அவர். பெரியம்மா போனபின் எங்களோடுதான் இருந்தார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள், முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த கூட்டத்துக்கு முன்னால் கன்னங்கரேலென்று ஒரு கறுப்புப் புடவையைப் பிரித்துப் போட்டு, "பொண்ணுக்கு எடுப்பா இருக்கும்" என்றாராம். பெண்ணின் அம்மா எழுந்தே போய்விட்டாள். முதலாளி, "கொஞ்ச நாள் ஓய்வா இருங்க அண்ணாச்சி" என்று பக்குவமாக அனுப்பிவைத்தார். ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னதும், சொந்த வீட்டில் குளியலறையைத் தேடி நின்றதும் வெறும் வயதுக்கோளாறு இல்லை என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது.

ஓய்வை அவர் மறந்தார், கடையை மறக்கவில்லை. காலையில் குளித்துத் தலை சீவிக் கிளம்பிவிடுவார். ஒருதரம் ஆழ்வார்பேட்டையில் வழி தெரியாமல் நின்றவரை யாரோ கூட்டிவந்தார்கள். அன்றே அப்பா வாசல் கதவுக்குப் பூட்டு வாங்கிவந்தார். அம்மா விடவில்லை.

"அவுக கடைக்குத்தானே போணும்? கடையை இங்க வச்சிருவோம்."

கூடத்தில் வெள்ளைப் போர்வையை விரித்து, பீரோவிலிருந்த தன் புடவைகளை அடுக்கினாள். பெரியப்பா பார்த்தார், சம்மணம் போட்டார், அவ்வளவுதான். அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் "கிராக்கி" ஆனார்கள். கொட்டிவாக்கத்திலிருந்து மீன் கொண்டுவரும் செல்லம்மாகூடக் கூடையை வாசலில் இறக்கி, கையைத் துடைத்துக்கொண்டு, "நைனா, அந்தப் பச்சை நல்லா கீது, முந்தியக் காட்டு" என்பாள். "உக்காருங்கம்மா, மெதுவாப் பாருங்க" என்று சளைக்காமல் பிரிப்பார். பிரித்ததையெல்லாம் மடித்துவைப்பது பள்ளிக்கூடம் விட்டுவந்த என் வேலை; எனக்கு அதில் அத்தனை சந்தோஷம்.

அப்பா மட்டும் இந்த நாடகத்தில் சேரவில்லை. "அண்ணே, இது வீடு. நான் உன் தம்பி" என்று தினமும் திருத்துவார், பெரியப்பாவின் முகம் சுருங்கிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா அவரை நிமிர்ந்து பார்த்து, "வாங்க சார், வீட்டம்மா வரலியா?" என்று கேட்டதும், அப்பா அப்படியே விரிப்பில் உட்கார்ந்துவிட்டார். மேலாக இருந்த அரக்குப் பட்டைக் கைகாட்டினார். அது அம்மாவின் கல்யாணப் புடவை. பெரியப்பா சட்டென்று அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இத மட்டும் கேக்காதீங்க. என் தம்பி கல்யாணத்துக்குன்னு எடுத்து வச்சிருக்கேன். அவன் முன்கோபக்காரன் சார். ஆனா எம்மேல உசுரு."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "சரி அண்ணாச்சி, வேற காட்டுங்க" என்றார். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் முதல் கிராக்கி அவர்தான்.

இன்று அந்த மறதிக்கு ஒரு பெயர் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், மாத்திரை இருக்கிறது, நல்லதுதான். கடைகளில் வெள்ளை விரிப்பு போய்விட்டது. புடவைகள் கண்ணாடிக்குள் தொங்குகின்றன, எதைக் கேட்டாலும் உடனே எடுத்து நீட்டுகிறார்கள். இதைத் தரமாட்டேன் என்று மடியில் வைத்துக்கொள்ளத்தான் யாருமில்லை.