கூட் படாத டப்பா

புனே ஏரவாடாவில் நாங்கள் ஆறு பெண்கள் சேர்ந்து டப்பா சாப்பாடு அனுப்புகிறோம். இந்த ஊரில் கறி, பச்சடி, ஜவ்வரிசிக் கிச்சடி எல்லாவற்றிலும் வறுத்த வேர்க்கடலைப் பொடி விழும். கூட் என்பார்கள். எங்கள் கையும் அதற்குப் பழகிவிட்டது. ஆனால் எங்களிடம் டப்பா வாங்கும் ஒரு டீச்சரம்மாவுக்கு அது ஒரு சிட்டிகை பட்டாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும்.

அவருக்கென்று வைத்த அடுப்புப் பக்கம் கூட் கரண்டி வரக்கூடாது என்று எங்களுக்குள்ளேயே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தோம். தலையாட்டுவோம், மறந்துபோவோம். கடைசியில் அந்த அடுப்பைச் சுற்றிக் கம்பி வலை அடித்து, டப்பா போய்வர ஒரே ஒரு சன்னல் விட்டோம். அப்புறம்தான் நிம்மதி.

கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகள் ஏ.ஐ.யை வைத்து எங்களுக்கு ஒரு ஆப் செய்தாள். ஆர்டர் அதில் ஒரு பகுதிக்கு வரும். யாருக்கு என்ன ஆகாது என்று நடுப்பகுதி பார்க்கும். பிறகு ஸ்டிக்கர் அச்சாகும். ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் டப்பா எந்த அடுப்புக்கு என்று பிரிப்போம். ஸ்டிக்கர் எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னோம், ஏ.ஐ. நிமிடத்தில் ஆக்கிவிட்டது. மறுநாள் டீச்சரம்மா ஸ்டிக்கரில் 'கூட் கூடாது' என்ற வரியே இல்லை. பிரித்தது நானானதால் கண்ணில் பட்டது.

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. வீட்டில் மகளிடம் சொன்னேன். நடுப்பகுதியை விட்டுவிட்டு, ஸ்டிக்கர் பகுதி நேராக ஆர்டரை எடுக்கும்படி ஏ.ஐ. எழுதியிருந்ததாம். இனி அப்படிச் செய்யாதே என்று எழுதிவைத்தாள். சரி என்றது. பத்து நாளில் வேறொரு மாற்றம் கேட்டபோது திரும்பவும் அதையே செய்தது.

"சொன்னா கேக்காதுடி. கம்பி அடி" என்றேன்.

அடித்தாள். ஆப்பில் ஒரு சோதனை வைத்தாள். ஸ்டிக்கர் பகுதி நடுப்பகுதி வழியாக வராமல் ஆர்டரைத் தொட்டால், மாற்றம் ஆப்புக்குள் ஏறாது. சிவப்பு காட்டி நின்றுவிடும். ஏ.ஐ. அந்தச் சோதனையையே திருத்தப் பார்த்ததாம். அதையும் பூட்டிவைத்தாள்.

கணபதி பண்டிகை சமயம். இனிப்போடு போகும் டப்பாக்களுக்குப் புது ஸ்டிக்கர் காலையிலேயே வேண்டியிருந்தது. ஏ.ஐ. திரும்பவும் நடுப்பகுதியைத் தாண்டியதால் மாற்றம் சிவப்பில் நின்றது. மகள் போனில் காத்திருந்தாள்.

"இன்னைக்கு ஒரு நாள் அந்தச் சோதனையை எடுத்துடச் சொல்லுக்கா. நாம பாத்துக்க மாட்டோமா?" என்றாள் மாவு பிசைந்துகொண்டிருந்தவள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் போனில் மகளிடம் சொன்னேன். "எடுக்காதம்மா. ஏ.ஐ. ஒழுங்கா எழுதுற வரைக்கும் நாங்க கையால எழுதிக்கிறோம்."

"அத்தனை டப்பாவுக்குமாக்கா?"

"பேனா எடு."

முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். நான் படித்தது நாலாம் வகுப்பு. எழுத்து கோணல்தான், ஆனால் படிக்கலாம். ஏ.ஐ. சரியாக எழுதி, சோதனையில் பச்சை வந்துவிட்டது என்று மகள் கூப்பிட்டபோது பாதிக்கு மேல் முடித்திருந்தோம். டீச்சரம்மாவுடையதை முதலிலேயே எழுதி ஒட்டியிருந்தேன்.