லீலாபாய் ஏற்றுக்கொண்ட பழி

எழுத்துப் பழக்கம் இல்லாதவள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் வகுப்பில் என் குரலைக் கேட்டவர்களே குறைவு. லீலாபாயைப் பற்றி எழுதத் தகுந்தவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். ஆனால் அவளைப் பற்றிய ஒரு உண்மை என்னிடம் மட்டுமே இருக்கிறது.

சென்ற மாதம் ஆரல்வாய்மொழியில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குத் தந்தி வந்தது. டைபாய்டு காய்ச்சலில் லீலா இறந்துவிட்டாள் என்று, அவள் வேலை பார்த்த மலையடிவார ஆஸ்பத்திரியின் கம்பவுண்டர் அனுப்பியிருந்தார். தந்தியை மடித்து வைத்துவிட்டு, முன்னால் இருந்த நோயாளியின் நாடியைப் பிடித்தேன். எண்ணிக்கை தவறிக்கொண்டே இருந்தது. அந்த அம்மாள்தான், "இன்னும் எண்ணி முடியல்லியா டாக்டரம்மா" என்றார்.

கல்லூரியில் முதல் வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் கேட்ட எலும்பின் பெயர் எனக்குத் தெரியும். இருந்தும் வாய் திறக்காமல் நின்றேன். வெளியே வந்ததும் லீலா, "ஏட்டி, மேசையில கெடக்க பொணம் உன்னவிடச் சத்தமாப் பேசும்" என்றாள். அன்று முதல் மாலைதோறும் விடுதி மாடியின் ஒரு மூலையில் என்னை நிறுத்தி, மறு மூலையிலிருந்து கேள்வி கேட்பாள். "கேக்கல்ல மக்கா, கேக்கல்ல" என்று கத்துவாள். அவள் புதுக்கடை ஊர்க்காரி, வைத்தியர் மகள். நான் பூதப்பாண்டிப் பக்கம் வயல் வேலை செய்யும் வீட்டிலிருந்து படிக்க வந்த முதல் ஆள்.

படிப்பு முடிந்து, மார்த்தாண்டம் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் இருவரும் சேர்ந்தோம். ஒரு நாள் முற்பகல், பிரசவ வலி கண்டு இரண்டு நாளான பெண்ணை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். குழந்தை குறுக்கே கிடந்தது. பெரிய டாக்டர் ஊரில் இல்லை. வயிற்றைத் திறப்பது லீலா, மயக்கத்துக்குக் குளோரோபார்ம் கொடுப்பது நான் என்று முடிவாயிற்று. அதற்கு முன் நோயாளி ஏதாவது சாப்பிட்டிருக்கிறாளா என்று விசாரிப்பது என் பொறுப்பு.

வராந்தாவில் அவள் வீட்டு ஆண்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். தலை நிமிராமல் மாமியாரிடம் கேட்டேன்.

"பச்சத் தண்ணி பல்லுல படல்ல டாக்டரம்மா."

வெறும் வயிற்றோடு பேற்றுக்கு அனுப்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆஸ்பத்திரியில் கேட்டால் கொடுக்கவில்லை என்று சொல்லிவிடுவதும் வழக்கம்தான். அவர் காலடியில் ஒரு தூக்குவாளி இருந்தது. அதன் விளிம்பில் கஞ்சி இன்னும் ஈரமாக ஒட்டியிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்ப்பதை அவரும் பார்த்தார், முந்தானையால் மூடினார். இன்னொரு முறை கேட்க வேண்டும். அத்தனை ஆண்கள் முன்னால், வயதில் மூத்தவரிடம், நீங்கள் சொல்வது பொய் என்று எப்படிச் சொல்வது?

"ஏட்டி, பிள்ளைக்கத் துடிப்பு கொறையுது. வாறியா, இல்லியா?" உள்ளேயிருந்து லீலா கத்தினாள்.

போனேன். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் குழாய் போட்டு வயிற்றைக் காலி செய்திருப்போம். ஐந்து நிமிட வேலை. மயக்கம் ஏறும்போது அந்தப் பெண் ஓங்கரித்தாள். கஞ்சி மூச்சுக்குழலில் இறங்கியது. தலையைத் தாழ்த்தினோம், துடைத்தோம், உறிஞ்சி எடுத்தோம். முகம் நீலம் பாரித்துப் பாரித்துத் தெளிந்தது. குழந்தையை லீலா உயிரோடு எடுத்துவிட்டாள். தாய் மூன்றாம் நாள் நுரையீரல் காய்ச்சலில் போய்விட்டாள்.

தலைநகர் திருவனந்தபுரத்திலிருந்து விசாரணைக்கு அதிகாரி வந்தார். "சாப்பாட்டைப் பற்றி விசாரித்தது யார்?" என்றார். நான் லீலாவைப் பார்த்தேன்.

"நான்தான். சரியாக் கேக்கல்ல" என்றாள் லீலா.

வெளியே வந்து நான் அழுதபோது அதட்டினாள். "சும்மா இரு. உன்னப் பாத்து உங்க ஊருல நாலு பெண்பிள்ளைக பள்ளிக்கூடம் போவுது. நீ வேலையில்லாமத் திரும்பிப் போனா, அதுகளையும் வீட்டுல இருத்திருவாவ. எங்க அப்பா என்னை ஒண்ணும் சொல்ல மாட்டாரு." பிறகு, "அந்தக் கிழவி பொய் சொன்னா நீ என்ன செய்வ?" என்றாள்.

நான் ஏமாற்றப்பட்டேன் என்றே அவள் கடைசிவரை நம்பினாள். தூக்குவாளியை நான் பார்த்ததை அவளிடமும் சொல்லவில்லை.

அவளை மலையடிவாரத்துக்கு மாற்றினார்கள். தாயைக் கொன்ற டாக்டரம்மா என்ற பேச்சு புதுக்கடைச் சந்தைவரை போயிற்று. அவள் அப்பா சந்தைக்குப் போவதை நிறுத்தினார். வகுப்புத் தோழிகளான உங்களில் சிலரும் அவளுக்குக் கடிதம் எழுதுவதை நிறுத்தினீர்கள். உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் எழுதினேன், எழுத வேண்டியதை மட்டும் எழுதவில்லை.

அவள் நினைவாக என்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இத்தனை வருடமாக நான் பார்க்கும் டாக்டர் வேலைதான். அது அவள் கொடுத்தது.

இனி என் வேண்டுகோள். அந்தக் குழந்தைக்கு இப்போது நாலு வயது. லீலாதான் தன் தாயைக் கொன்றாள் என்று கேட்டே வளர்கிறது. கஞ்சி கொடுத்தவரைக் குறை சொல்ல அல்ல. பார்த்தும் பேசாதவள் நான் என்று சொல்ல அந்த வீட்டுக்குப் போக வேண்டும். இந்த மாதத்தில் இரண்டு முறை மார்த்தாண்டம்வரை போய், பஸ்ஸை விட்டு இறங்காமலே திரும்பினேன். உங்களில் யாராவது ஒருவர் என்னுடன் வாருங்கள். தேதியை நீங்களே குறியுங்கள். எனக்காக ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். நான் சொல்லி முடிக்கும்வரை என்னை வெளியே விடாமல் வாசலை மறித்து நின்றால் போதும்.