பாஷா அப்போது எங்கே இருந்தார்?

போன செவ்வாய்க்கிழமை குடை வாங்க ஹட்டன் டவுனுக்குப் போனேன். குடை வாங்கவில்லை. ஒரு துருக்கி ஜெனரலைத் தலையில் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடை ஹாஜியார், என்னைக் கண்டதும் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் எனக்காக எழுந்தது இதுவே முதல் தடவை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்...

"சேர், ஒக்காருங்க. பிளேன்டீ சொல்றேன். ஒரு ஆளப் பத்தி விசாரிக்கணும்."

"யாருங்க? கல்யாண விஷயமா?"

"இல்லைங்க. மௌத்தாகி ரொம்பக் காலம். துருக்கில பெரிய மிலிட்டரி ஆளு. பாஷா."

பிளேன்டீ வந்தது. அந்தப் பால் கலக்காத தேநீரோடு உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். ஹாஜியாருக்கு முதல் பேரன் பிறந்திருக்கிறான். காலஞ்சென்ற தன் வாப்பாவின் பெயரை அவனுக்கு வைக்க ஆசை. அந்த வாப்பா பிறந்தது முதலாம் உலக யுத்த காலத்தில், இராமநாதபுரம் கடலோரத்தில். அந்த நாட்களில் துருக்கிப் பாஷாக்களின் பெயர்கள் பத்திரிகையில் வந்தால், இன்றைக்குக் கிரிக்கெட்காரர்களுக்கு இருக்கும் மவுசு. பெற்றவர் ஒரு பாஷாவைப் பிடித்து, 'பாஷா' என்ற பட்டத்தோடு சேர்த்தே பிள்ளைக்குச் சூட்டிவிட்டார்.

என்ன பெயர் என்று இங்கே சொல்லமாட்டேன். சொன்னால் கடை எதுவென்று ஹட்டன் முழுக்கத் தெரிந்துவிடும். எனக்கு அங்கே தொடர்ந்து சாமான் வாங்க வேண்டியிருக்கிறது.

ஆனால் மருமகள் ஸப்ரினா ஒத்துக்கொள்ளவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கும் டீச்சர்.

"என்ன சொல்றா தெரியுமா சேர்? 'மாமா, அந்த யுத்தத்துலதான் ஆர்மீனியர்கள ஊர் ஊரா வெளியேத்தி, போற வழியிலேயே சாகடிச்சாங்க. அப்ப உங்க பாஷா எங்க இருந்தாரு? அதச் சொல்லிட்டுப் பேர வைங்க'ங்கிறா. நான் எங்கங்க போவேன்?"

"மகன் என்ன சொல்றார்?"

"அவன் கத்தார்ல இருக்கான். நான் மெசேஜ் போட்டா எனக்குக் கட்டைவிரலத் தூக்கிக் காட்டுறான். அவ போட்டா அவளுக்குத் தூக்கிக் காட்டுறான்."

புத்திசாலிப் பையன். பிழைத்துக்கொள்வான்.

வரும் ஞாயிறு ஏழாம் நாள். பிள்ளைக்கு முடி இறக்கிப் பெயர் வைக்க வேண்டும். அதற்குள் பாஷா எந்தெந்தக் காலத்தில் எங்கெங்கே தளபதியாக இருந்தார் என்று தெரிந்தாக வேண்டும்.

"நீங்கதானே பேப்பர்ல அந்த யுத்தத்தப் பத்தி எழுதினீங்க?"

எழுதியது உண்மை. நாலு வரி. அதில் இரண்டு தேயிலை விலையைப் பற்றியது. ஆனால் 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல எந்தப் பத்தி எழுத்தாளனுக்காவது வாய் வந்திருக்கிறதா?

தேட ஆரம்பித்த பிறகுதான் வினை புரிந்தது. துருக்கிக்காரர்களுக்கு அந்தக் காலத்தில் குடும்பப் பெயரே கிடையாது. ஒரு பெயரை அதட்டிக் கூப்பிட்டால் பத்து அதிகாரிகள் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்களுடைய ஆண்டுக் கணக்கும் வேறு, நம்முடையதைவிட ஐந்நூற்றுச் சொச்சம் வருடம் குறைவு. ஒரு பக்கத்தில் நம்ம பாஷா, தான் பிறப்பதற்குப் பல நூறு வருடங்களுக்கு முன்னாலேயே கேப்டன் ஆகியிருந்தார். நானும் ஒரு நிமிடம் அசந்துபோய், 'என்ன திறமை!' என்று நினைத்தேன்.

"ஏங்க, கொழாய் மூணு நாளாச் சொட்டுது. அதுக்கு எந்தப் பாஷா வருவாரு?" என்றாள் மனைவி.

குழாய் சொட்டட்டும் என்று விட்டுவிட்டு, ஒருவழியாக வெள்ளிக்கிழமை பட்டியலை முடித்தேன். இராணுவக் கல்லூரி. பால்கன் யுத்தத்தில் ஒரு தோல்வி. பிறகு ஒரு படைப்பிரிவுக்குத் தலைமை. 1915-இல் மேற்கே டார்டனெல்ஸ் கடற்கரையில் பெரிய பதவி. அப்புறம் திடீரென்று கிழக்கே, பனிமலை ஓரத்தில் இன்னொரு பதவி. மறுபடியும் டார்டனெல்ஸ். பின்னர் பாலஸ்தீனம்.

மேற்கிலிருந்து கிழக்குக்கு இப்படிப் பறந்திருக்கிறாரே... எனக்குச் சந்தேகம் வந்ததா? வரவில்லை. நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்தை நடத்தும் துரைமார் மாறுவதைப் பார்த்தே வளர்ந்தவன். நேற்றுக் காலை பெரட்டுக் களத்தில் நின்று ஆட்களுக்கு வேலை பிரித்த துரை, இன்று நுவரெலியாப் பக்கம் வேறு தோட்டத்தில் இருப்பார். ஏன்? யாரும் சொல்லமாட்டார்கள். நாங்களும் கேட்கமாட்டோம். கொழுந்து குறைந்தாலும் தூக்குவார்கள், கூடினாலும் தூக்குவார்கள். துருக்கியிலும் கம்பெனி வழக்கம் அப்படித்தான் போலிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

முக்கியமான விஷயம் வேறு. ஆர்மீனியர்களை வெளியேற்றிய மாதங்களில் நம்ம ஆள் டார்டனெல்ஸில் இருந்திருக்கிறார். வெகு தூரம். பாஷா பிழைத்தார்!

சனிக்கிழமை, கடைக்கு மேலே இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஸப்ரினா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் குரலைச் சரிசெய்துகொண்டு ஒரு குட்டிப் பிரசங்கமே செய்தேன். ஹாஜியார் முகத்தில் பெருநாள் பிறை தெரிந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்! கேட்டியா புள்ள? மனுஷன் கடலோரத்துல இருந்திருக்காரு!"

ஸப்ரினா கையை மட்டும் நீட்டினாள். பரீட்சைப் பேப்பர் வாங்கும் கை அது. கொடுத்தேன்.

"சேர்... இந்த மாசம் இவரு டார்டனெல்ஸ்ல தளபதி. சரி. அதே மாசம் கிழக்கிலயும் ஒரு படைக்குத் தளபதின்னு இருக்கே?"

"அது... மாற்றலாகிப் போயிருப்பார்."

"போய்ட்டு, அதே மாசம் திரும்பியும் வந்திருக்காரு. நடுவுல மலையக் குடைஞ்சு ரயில் போடுற வேலையே அப்ப முடியல சேர். எதுல போனாரு?"

பட்டியலைத் திருப்பி வாங்கிப் பார்த்தேன். காது சூடேறியது.

ஆள் ஒருவர் இல்லை. இரண்டு பேர். ஒரே பெயர், ஒரே பட்டம். இரண்டு ஜெனரல்களை ஒட்டி நான் ஒரு துரை செய்திருக்கிறேன். டார்டனெல்ஸ்காரர் வேறு. கிழக்கே இருந்தவர் வேறு. அந்தக் கொடுமை நடந்ததும் அந்தக் கிழக்கில்தான்.

"அப்ப எங்க வாப்பாவுக்கு வச்சது எந்தப் பாஷாவோட பேரு?" என்றார் ஹாஜியார்.

யாருக்குத் தெரியும்? வைத்தவருக்கே பாஷாக்கள் இரண்டு என்று தெரிந்திருக்காது.

"கிழக்குல இருந்தவரு என்ன செஞ்சாரு சேர்? உத்தரவு போட்டாரா? தடுத்தாரா? சும்மா இருந்தாரா?" ஸப்ரினா விடவில்லை.

"எந்தப் படை, எந்த மாசம்... அதுதான் கிடைச்சுது. என்ன செஞ்சாருன்னு எனக்குக் கிடைக்கல."

"அப்ப வேணாம் மாமா. மன்னிச்சிருங்க."

ஹாஜியார் தொப்பியைக் கழற்றினார். தலையைத் தடவிக்கொண்டார். திரும்பவும் போட்டுக்கொண்டார். நான் கதவைப் பார்த்தேன்.

"சரி புள்ள. பாஷா எங்க இருந்தாருன்னு நமக்குத் தெரியல," என்றார் மெதுவாக. "எங்க வாப்பா எங்க இருந்தாருன்னு எனக்குத் தெரியும். தோட்டத்துச் சனங்கள ரெண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு இந்தியாவுக்கு அனுப்பினாங்கல்ல, அப்ப நம்ம கடை வட்டகொடையில. அந்த ரயில் வர்ற அன்னிக்கெல்லாம் வாப்பா கடைய மூடிருவாரு. பாண் ரொட்டியையும் ஒரு வாளி தேத்தண்ணியையும் தூக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போய், ஜன்னல் ஜன்னலாக் குடுப்பாரு. நான் பின்னாலயே கப்புகளத் தூக்கிட்டு ஓடுவேன். ஒரு தடவை ஸ்டேஷன் மாஸ்டர் சிங்களத்துல கேட்டாரு, 'முதலாளி, இதுல உங்க ஆளுங்க யாரும் போறாங்களா?'ன்னு. 'ஆமா மாத்தையா, பூரா ரயிலும்'னாரு வாப்பா."

என் பெரியப்பா குடும்பம் போனதும் வட்டகொடையிலிருந்துதான். எந்த ரயிலென்று தெரியாது. அவர்கள் ஜன்னலுக்கும் அந்தப் பாண் வந்ததா என்று கேட்க, அந்தப் பக்கம் இப்போது யாருமில்லை.

ஸப்ரினா முனகிய குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இத ஏன் மாமா மொதல்லயே சொல்லல?"

"நீ பாஷாவப் பத்தித்தானே கேட்ட?"

ஸப்ரினாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. "உங்க வாப்பா பேரையே வைங்க மாமா. யாரு கேட்டாலும் ஸ்டேஷன் கதைய நான் சொல்லிக்கிறேன். பின்னால வர்ற பாஷா மட்டும் வேணாம்."

ஹாஜியார் வியாபாரி. லேசில் விடுவாரா?

"செல்லமாக் கூப்பிட மட்டும்...?"

"செல்லமாவும் வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை முடி இறக்கினார்கள். பெயரும் வைத்தாயிற்று. நானும் போயிருந்தேன். எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டுக்கு முன்னால் என்னை உட்காரவைத்துவிட்டு, ஹாஜியார் காதருகே குனிந்தார்.

"சேர், சும்மா கேக்கிறேன். அந்த ரெண்டு பாஷாவுல நல்லவரு யாரு?"

"தெரியலையே ஹாஜியார். இன்னும் கொஞ்சம் தேடிப் பார்க்கட்டுமா?"

"ஐயோ வேணாங்க! நீங்க தேடினா மூணாவதா ஒருத்தர் வந்துருவாரு... புரியாணி ஆறுது, சாப்பிடுங்க!"