பின்பால் பலகையில் கேரம் பவுடர்

பழைய டேபிள் ஃபேனை விற்றுவிட்டு வருகிறேன் என்று என் வீட்டுக்காரர் கோவில்பதாகையில் இருக்கும் காயலான் கடைக்குப் போனார். ஃபேனை விற்றாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திரும்பி வந்தது குட்டி யானை வண்டியில். வண்டிக்குப் பின்னால் கட்டில் அளவுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி, நாலு காலோடு.

"இன்னாய்யா இது?" என்றேன்.

"பின்பாலு" என்றார். அவ்வளவுதான்.

கண்ணாடிக்கு அடியில் சாய்வாக ஒரு மரப்பலகை. அதன் மேல் ஓவியம், குட்டி விளக்குகள், ரப்பர் மாட்டிய முளைகள். இரும்புக் குண்டை மேலே ஏவிவிட்டால் கண்டதிலும் முட்டிக்கொண்டு கீழே உருண்டு வரும். அது குழியில் விழுவதற்குள் இரண்டு துடுப்பால் திருப்பி அடிக்க வேண்டும். ஏதோ ஒரு ரிசார்ட்டில் கிடந்ததாம். எத்தனை வருஷம் குண்டு உருண்டதோ, பலகையின் நடுவில் பெயின்ட் மொத்தமும் போய் மரம் பல்லிளித்தது. அதில் வரைந்திருந்த கடல்கன்னிக்கு இடுப்பே இல்லை. என்னிடம் கேட்டிருந்தால் என்னுடையதிலிருந்து பாதியைக் கொடுத்திருப்பேன்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் செக்கர். சட்டையில் கறை, பிசிறு, கோணல் தையல் எல்லாம் கண்டுபிடித்து ஓரமாகத் தூக்கிப் போடுவது என் வேலை. வீட்டுக்கு வந்தாலும் கண் அதே கண்தான். குற்றம் கண்டுபிடிக்காமல் எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவள் அந்தப் பெட்டியைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றால் அதற்குக் காரணம் இருந்தது.

அவர் இருபத்திரண்டு வருஷம் அச்சும் கருவியும் செய்யும் டூல் ரூமில் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். அதற்கு முன்பெல்லாம் இவர் வாய் எங்கள் கொரட்டூர் ஃபிளாட்டில் பிரசித்தம். சாம்பாரில் உப்பு குறைந்தால் மூன்றாம் மாடிக்குக் கேட்கும். வேலை போன நாளிலிருந்து பேச்சு நின்றுவிட்டது. கோபம் இல்லை, சண்டை இல்லை. கேட்டால் "உம்" என்பார். ஒருநாள் வேண்டுமென்றே உப்பே போடாமல் சாம்பார் வைத்துப் பார்த்தேன். தட்டைக் காலி செய்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். அன்று நான் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இந்த மனுஷன் இப்படியே அடங்கிப் போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது. அப்படிப் பத்து மாதம் ஆன பிறகு, அவராக ஆசைப்பட்டுக் கொண்டுவந்த முதல் பொருள் அந்தப் பெட்டி.

லிஃப்டில் ஏறாது என்பதால் கார் பார்க்கிங்கில் எங்கள் இடத்தில் இறக்கினார். என் ஸ்கூட்டி வெயிலுக்குப் போனது. மறுநாள் அசோசியேஷன் செக்ரட்டரி வந்து பார்த்தார். ரயில்வேயில் ரிட்டையரான திருநெல்வேலிக்காரர், எதையும் நியாயமாகப் பேசுவார்.

"ரெண்டு மாசம் டைம் சார். மீட்டிங் அன்னைக்கு ஓடுச்சுன்னா கீழ ஹால்ல வைப்போம், எல்லாரும் விளையாடட்டும். ஓடலைன்னா வந்த இடத்துக்கே அனுப்பிரணும்."

"உம்" என்றார் இவர்.

ஆனால் மறுநாள் விடியும்போதே எழுந்து ஷேவ் செய்துகொண்டார். முளை, ரப்பர், விளக்கு எல்லாவற்றையும் கழற்றி, எது எங்கே இருந்தது என்று போனில் படம் பிடித்து, ஸ்க்ரூக்களை முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாகப் போட்டு வைத்தார். சமையலறையில் நான் ஒரு ஸ்பூனை எடுத்த இடத்தில் வைக்கச் சொல்லி இருபது வருஷம் கத்தியிருக்கிறேன்! பலகையின் கறுப்புத் தடங்களை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் விரல் அகலம் விரல் அகலமாகத் துடைத்தார். என் சேலை ஒன்று அதில் போனது. கடல்கன்னிக்கு மூன்று நாள் உட்கார்ந்து இடுப்பு வரைந்தார். எனக்கென்று மூன்று நிமிஷம் ஒதுக்கி ஒரு முழம் பூ வாங்கிக் கொடுத்ததில்லை. கடைசியில் கார் பெயின்ட் அடிக்கும் ஷெட்டுக்குப் பலகையைத் தூக்கிப் போய் மேலே கண்ணாடி மாதிரி வார்னிஷ் அடித்து வந்தார். அப்போதும் பேச்சு மட்டும் வரவில்லை. கை வந்துவிட்டது, வாய் வரவில்லை.

மீட்டிங் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு. முந்தின நாளே எல்லாம் மாட்டி, ஓட்டிப் பார்த்துவிட்டார். காலையில் ஒரு பல்பு மட்டும் எரியவில்லை என்று கடைக்குப் போனார். கண்ணாடி திறந்து கிடந்தது. என் செக்கர் விரல் சும்மா இருக்குமா? பலகையைத் தடவினேன். லேசாகப் பிசுபிசுத்தது. குண்டை உருட்டினேன். சோம்பேறித்தனமாகப் போனது.

பாடியில் நான் வளர்ந்த தெருவில் கேரம் போர்டு இல்லாத சந்து கிடையாது. அண்ணன்மார்களையே ஜெயித்தவள் நான். பலகை இழுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கா தெரியாது? மாடிக்கு ஓடினேன். பரணில் கிடந்த கேரம் பவுடர் டப்பாவை எடுத்து வந்தேன். அவருக்கு ஒரு உதவியாக இருக்கட்டும் என்று பாதி டப்பாவைக் கொட்டிப் பரப்பினேன்.

சுவிட்சைப் போட்டுக் குண்டை ஏவினேன். முதல் குண்டு பறந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. இரண்டாவது குண்டுக்கு ஒரு வரிசை விளக்கு அணைந்தது. மூன்றாவதற்கு இடது துடுப்பு செத்தது. பலகையில் எத்தனை ஓட்டை இருக்கிறது என்று அப்போதுதான் கவனித்தேன். பவுடர் அத்தனை ஓட்டையிலும் இறங்கி அடியில் இருந்த கரண்ட் முனைகளில் போய் உட்கார்ந்திருந்தது. மேலே மிச்சம் இருந்தது, காயாத வார்னிஷோடு சேர்ந்து இட்லி மாவாகியிருந்தது.

அவர் பல்போடு வந்து நின்றார். பலகையைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏய்! இன்னாமே பண்ணி வெச்சிகீறே? அறிவு கீதா உனுக்கு? இது இன்னா உங்க தெரு கேரம் போர்டா? ரெண்டு மாசம்மே! ரெண்டு மாசமா முதுகு ஒடிஞ்சிகினு கீறேன், இவ வந்து பவுடர் கொட்டிகீறா பாரு, பவுடரு! குழந்தைக்குப் போடுற மாதிரி!"

பார்க்கிங் முழுக்க எதிரொலித்தது. மூன்றாம் மாடி பால்கனியில் தலைகள் முளைத்தன. என் அண்ணன்மார், என் அம்மா வீடு, என் கம்பெனி, உப்பில்லாத அந்தச் சாம்பார் வரைக்கும் இழுத்துத் திட்டினார். அன்றைக்கே கவனித்திருக்கிறார் பாவி! எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. சிரிப்பும் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

மீட்டிங்குக்கு வந்தவர்கள் எல்லாரும் தூணோரம் ஒதுங்கி நின்றார்கள். செக்ரட்டரி மெதுவாக என் பக்கத்தில் வந்தார்.

"ஏம்மா, சாருக்கு பிரஷர் கிஷர் ஏறிரப் போகுது. போய்ச் சமாதானப்படுத்துங்க. மெஷின் விஷயத்த வேணும்னா அடுத்த மாசம் பேசிக்கிடலாம்."

"எப்ப வேணா பேசுங்க சார்" என்றேன். "இப்ப அவரு மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் கத்தட்டும்."