அரிவாளுக்குப் பதிலாக ஒரு ஊசி

ஜைனம்பு அக்கா இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் டவுன் பஸ் கண்டக்டர். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "ஊசிக்கார அம்மா விடியக்காலம் தவறிட்டாகளாம். சாயங்காலம் அசர் தொழுகைக்கு அடக்கம்" என்றார். இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே அக்காவைப் பல வருடம் ஏற்றி இறக்கிய பஸ் அது. நான் வேலைக்குப் போகவில்லை. என் நிறுத்தத்தில் இறங்காமல் அதே பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன்.

துக்க வீட்டு வாசலில் இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. நல்ல நர்ஸ் வேலையை விட்டுவிட்டு, சீனாக்காரன் ஊசியைக் குத்திக்கொண்டு அலைந்து என்னத்தைக் கண்டாள் என்று ஒருத்தி கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. துக்க வீடாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன். இங்கே எழுதும்போது மூட மாட்டேன். அக்கா என்னத்தைக் கண்டார் என்று எனக்குத் தெரியும். அவரை அறிந்த நீங்களும் கேளுங்கள்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு மகள் பிறந்தாள். பிரசவம் பார்த்த நர்சிங் ஹோமில்தான் அக்கா நர்ஸாக இருந்தார். மெட்ராஸில் தங்கி அக்குபஞ்சர் படித்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். எனக்குத் தாய் கிடையாது. அதனால் பிள்ளையோடு நேரே மாமியார் வீட்டுக்கு, இராஜபாளையத்துக்கு, வந்தேன். வந்த நாளிலிருந்து தூக்கம் இல்லை. சோறு இறங்கவில்லை. காரணமே இல்லாமல் அழுகை வந்தது. பால் கொடுக்க மட்டும் யாராவது பிள்ளையை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வார்கள், மற்றபடி நான் அவளைத் தொடவே இல்லை.

அதற்குக் காரணம் ஒரு அரிவாள். பச்சை உடம்புக்காரி பக்கத்தில் இரும்பு இருந்தால் காத்து கருப்பு அண்டாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் மாமியார் தலையணைக்கு அடியில் அரிவாளை வைத்திருந்தார். இதை எடுத்துப் பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேனோ என்று எனக்கு ஓயாமல் தோன்றும். செய்ய வேண்டும் என்ற எண்ணம் துளியும் இல்லை. செய்துவிடுவேனோ என்ற பயம்தான். அதைத் தொட்டு அப்பால் வைக்கவும் பயம். வெளியே சொன்னால் பைத்தியம் என்று பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள். கல்நெஞ்சுக்காரி என்று சொந்தக்காரர்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டு சும்மா கிடந்தேன். மாமியார் அய்யனார் கோவிலுக்கு நேர்ந்துகொண்டார்.

இருபதாம் நாள் போல அக்கா பிள்ளை பார்க்க வந்தார். வருகிறவர்கள் எல்லாம் பால் குடிக்கிறதா, யார் ஜாடை என்று கேட்பார்கள். அக்கா பிள்ளையை என் மாமியாரிடம் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ எதைக் கண்டு பயப்படுத?" என்று கேட்டார். என் கண் தலையணைக்குப் போயிற்று. அக்கா அதைத் தூக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, இருந்தபடியே வைத்தார்.

பிறகு மாமியாரைக் கூப்பிட்டு, ஊசி வைத்தால் எனக்குத் தூக்கம் வரும் என்றார். பச்சை உடம்பில் ஊசி குத்துவதாவது என்று மாமியார் ஒரேயடியாக மறுத்தார். அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "அம்மா, காவலுக்குத்தான இரும்பு வச்சிருக்கீக? இதுவும் இரும்புதான். குட்டி ஊசி ஒண்ணை அவ காதுலயே பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டுப் போறேன். ராப்பகலா அவகூடவே இருக்கும். பொறவு அருவா எதுக்கு? அதை எடுத்துட்டுப் போங்க." மாமியார் செத்த நேரம் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் அரிவாளை முந்தானையில் மூடி எடுத்துக்கொண்டு போனார். கையிலும் காலிலும் ஊசியோடு அன்று நான் கண்ணயர்ந்தேன்.

வாரத்துக்கு இரண்டு தடவை, இரண்டு மாதம், அக்கா பஸ் ஏறி வந்தார். ஆனால் ஊசியே எல்லாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "ஊசி தூக்கத்தைக் கொண்டாரும். மிச்சத்துக்கு டாக்டர் வேணும்" என்றார். என் பயத்தை என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டார். கேட்ட மறுநாளே மில் வாசலில் போய் நின்று, ஷிப்ட் விட்டு வந்த மனிதரை மடக்கிவிட்டார். அவர் பேய்முழி முழித்தாராம். அந்த வாரமே மூவரும் மதுரையில் ஒரு மனநல டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். அக்கா லீவு போட்டு வந்திருந்தார்.

என்னைக் குணமாக்கியது ஊசியா மாத்திரையா என்றால் எனக்குத் தெரியாது. அந்த ஊசி இல்லையென்றால் மாத்திரை வரைக்கும் நான் போய்ச் சேர்ந்திருக்க மாட்டேன். மூன்றாம் மாதம் ஒருநாள், யாரும் சொல்லாமல் நானே என் மகளைத் தொட்டிலிலிருந்து தூக்கினேன். அக்கா பார்த்தும் பார்க்காததுபோல ஊசிகளைக் கொதிக்கவைக்க அடுப்படிக்குப் போய்விட்டார். இரண்டு வருடத்தில் நர்ஸ் வேலையை விட்டுவிட்டு, என்னைப் போன்றவர்களைத் தேடித்தேடிப் போக ஆரம்பித்தார். எத்தனையோ வீட்டில் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வாரமும் அதே வாசலில் போய் நிற்பார். "அவுகளுக்குக் கதவைச் சாத்தத் தெரியும், எனக்குத் தட்டத் தெரியும்" என்பார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு, மாமியாரிடம் அரிவாள் விஷயத்தை முதல்முறையாகச் சொன்னேன். உங்களை அக்கா எப்படி ஏமாற்றினார் பாருங்கள் என்றுதான் ஆரம்பித்தேன். அவர் வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னை எங்கட்டி அவ ஏமாத்துனா? எடுன்னு சொன்னப்பவே வெளங்கிருச்சு. அன்னைக்கே பழைய இரும்புக்காரன்ட்ட போட்டுட்டேன்" என்றார். மடித்த வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு, "உம் புருஷன் பொறந்தப்ப எந் தலகாணிக்கு அடியிலயும் அதே அருவாதான் கெடந்துச்சு. எடுக்கச் சொல்ல எனக்கு ஒருத்தரும் வரல" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வியைத்தான். எனக்கு ஊசி வைக்கத் தெரியாது. பேண்டேஜ் கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கும் பெண்கள் பிள்ளை பெற்றால் போகிறேன். பிள்ளையைப் பார்க்கும் முன்னால் தாயிடம், எதைக் கண்டு பயப்படுகிறாய் என்று கேட்கிறேன். பதில் வராவிட்டாலும், தலையணையைத் தூக்கிப் பார்க்காமல் திரும்புவதில்லை.